பெர்னதெத்தின் கட்டைவிரல்

பெர்னதெத் சொன்ன ஒரே ஒரு வார்த்தையை வைத்துத்தான் அவள் புருஷனை நாற்பத்தொரு நாள் பூட்டி வைத்தார்கள். வேறு யாராவது சொல்லியிருந்தால் அவர்களை மண்ணை வாரித் தூற்றிவிட்டு ஆறியிருப்பாள். சொன்னது அவளாயிற்றே. கெட்ட எண்ணத்திலா சொன்னாள்? போலீஸ்காரன் கையில் புருஷன் சிக்கினால் புதுச்சேரியில் எந்தப் பெண்ணும் சொல்கிறதைத்தான் அவளும் சொன்னாள். "ஐயா, அவருக்குப் புத்தி சரியில்லீங்க, விட்டுடுங்க." சாராயக் கடையில் வம்பிழுத்தவனுக்கும் இதே வார்த்தைதான், அடுத்தவன் தோப்பில் இளநீர் பறித்தவனுக்கும் இதே வார்த்தைதான். கேட்கிற போலீஸ்காரனுக்கும் அது பொய் என்று தெரியும். முதுகில் ஒன்று வைத்து, "கூட்டினு போம்மா" என்று விட்டுவிடுவான். அந்த வார்த்தையை யாரும் காகிதத்தில் எழுதியதில்லை. எழுதலாம் என்று யாருக்கும் தோன்றியதுமில்லை.

முதல் மகாயுத்தம் முடிந்து பதினைந்து வருஷம் ஆகியிருந்தது. தனிஸ்லாஸ் சூசையப்பர் கோவிலில் கோயில்பிள்ளையாக இருந்தார். மணியடிப்பது, பீடத்துக்கு மெழுகுதிரி ஏற்றுவது, இதெல்லாம் போக மரணப் புத்தகம் எழுதுவதும் அவர் வேலை. அந்தக் கோவிலைச் சேர்ந்த பங்கில் யார் கண்ணை மூடினாலும், சர்க்கார் காரியாலயத்தில் சாவைப் பதிந்து கொடுக்கும் சீட்டைக் கையில் வாங்கிக்கொண்ட பிறகுதான் உப்பளம் கல்லறையில் குழி வெட்டச் சொல்வார். சீட்டில்லாமல் குழி கிடையாது. பிரெஞ்சுக்காரன் சட்டம் அப்படி. அதனால் அந்தப் பங்கில் யார் இருக்கிறார், யார் இல்லை என்பதை சர்வேசுரனுக்கு அடுத்தபடி அறிந்தவர் தனிஸ்லாஸ்தான் என்று சொன்னால் தப்பில்லை.

செப்டம்பரில் தேர்தல் வந்தது. வாக்காளர் பட்டியலைப் பள்ளிக்கூடத்து வெளிச்சுவரில் ஒட்டினார்கள். ஊரில் எல்லாருக்கும் தெரிந்த சங்கதி ஒன்று உண்டு. தேர்தல் நாளில் கல்லறை காலி, எல்லாரும் ஓட்டுப் போடப் போயிருப்பார்கள் என்பார்கள். சொல்லிச் சிரித்துவிட்டுப் போய்விடுவார்கள். தனிஸ்லாஸுக்குச் சிரிக்கத் தெரியவில்லை. மூன்று நாள் அந்தச் சுவருக்கு முன்னால் நின்று, தன் புத்தகத்தோடு பட்டியலை வரிவரியாக ஒத்துப் பார்த்தார். நாற்பத்துமூன்று பேர் செத்தவர்கள். அத்தனை பேருக்கும் அவரே குழி வெட்டச் சொல்லியிருந்தார்.

"அவங்களே செத்துட்டான்னு சீட்டு குடுக்கறாங்க, அவங்களே உசுரோட இருக்கான்னு பட்டியல் ஒட்றாங்க" என்று பெர்னதெத்திடம் பொருமினார். "ரெண்டுல ஒண்ணு பொய்யா இல்லையா? நீயே சொல்லு."

"பொய்தாங்க. ஊரே சும்மா இருக்குது. உங்களுக்கு மட்டும் என்னாத்துக்கு?"

 அன்று முதல் தினமும் விளக்கு வைத்ததும் தனிஸ்லாஸ் ஜெபமாலை சொல்லி முடித்து, அந்த நாற்பத்துமூன்று பேரையும் பட்டியலில் உள்ள வரிசைப்படி வாய்விட்டுப் படிப்பார். பெர்னதெத்துக்கு எழுத்துத் தெரியாது. ஆனால் மாதா பிரார்த்தனையை முழுசும் மனப்பாடமாகச் சொல்கிறவளுக்கு நாற்பத்துமூன்று பேர் என்ன பிரமாதம்? பத்தே நாளில் அவளுக்கும் பாடமாகிவிட்டது. சிப்பாய் அலெக்சாண்டர், அர்மான், ஆரோக்கியம் என்று ஆரம்பித்துக் கடைசி வரைக்கும் சோறு வடித்துக்கொண்டே சொல்வாள். புருஷன் கோபம் அவளுக்குப் பிடிக்கவில்லை. ஆனால் அவர் சொல்வது உண்மை என்பதில் அவளுக்கு ஒரு நாளும் சந்தேகம் இருந்ததில்லை.

தேர்தல் ஞாயிற்றுக்கிழமை. பூசை முடிந்ததும் தனிஸ்லாஸ் மரணப் புத்தகத்தை அக்குளில் இடுக்கிக்கொண்டு பள்ளிக்கூட வாசலில் போய் நின்றார். சண்டை போடவில்லை. யாரையும் கையால் தொடவில்லை. உள்ளே இருந்து தேர்தல் குமாஸ்தா வாக்காளர் பெயரை உரக்கக் கூப்பிடுவார். "அலெக்சாண்டர், பென்ஷன் சிப்பாய்" என்று கூப்பிட்டதும், மீசை கூட அரும்பாத ஒருத்தன் ஓட்டுச் சீட்டை நீட்டிக்கொண்டு உள்ளே போனான். அலெக்சாண்டர் சாகும்போது அவருக்கு வயசு எழுபத்திரண்டு. தனிஸ்லாஸ் தலைப்பாகையைக் கழற்றினார். கல்லறையில் பெட்டியை இறக்கும்போது சொல்கிற குரலிலேயே, "நித்திய இளைப்பாற்றியை இவருக்குத் தந்தருளும் சுவாமி" என்றார்.

முதலில் யாருக்கும் விளங்கவில்லை. மூன்றாவது செத்தவர் ஓட்டுப் போட்டபோது கூட்டத்தில் யாரோ களுக்கென்று சிரித்தார்கள். எட்டாவதற்கு வாசலில் நின்ற பாதிப்பேர் சேர்ந்துகொண்டு, "முடிவில்லாத ஒளி இவருக்குப் பிரகாசிக்கக்கடவது" என்று பதில் சொன்னார்கள். இந்துக்களும் சொன்னார்கள். ஆசாரி பிரகாசத்தின் முறை வந்தது. அவர் பெயரில் ஓட்டுப் போட வந்தவன் கூட்டத்தைப் பார்த்து வெட்கப்பட்டு, திரும்பி ஓடியே போய்விட்டான். பிறகு அந்த ஆட்களை அனுப்பிய கட்சிக்காரர்களுக்குப் பொறுக்குமா? தடியோடு நாலு பேர் வந்தார்கள். அவர்களுக்குப் பின்னாலேயே போலீஸும் வந்தது.

போலீஸ்காரர் கன்னியப்பன் இவர்கள் தெருக்காரர்தான். தடிக்காரர்களின் முதல் அடி தனிஸ்லாஸ் தோளில் விழுந்தபோது பெர்னதெத் கூட்டத்தைப் பிளந்துகொண்டு ஓடி, கன்னியப்பன் கையைப் பிடித்துக்கொண்டாள். அப்போதுதான் அந்த வார்த்தை வந்தது. யோசித்து வரவில்லை. தும்மல் வருகிற மாதிரி வந்தது.

"அண்ணே, அவருக்குப் புத்தி சரியில்ல, விட்டுடுங்க."

"நான் வுட்டாலும் அவங்க வுட மாட்டாங்கம்மா" என்றார் கன்னியப்பன், தடிக்காரர்களைக் காட்டி. "கச்சேரிக்கு வா. இதையே கொமிசேர் கிட்ட சொல்லு. திட்டிட்டு அனுப்பிடுவாரு."

நல்ல மனசோடுதான் சொன்னார். அதுதான் வயிற்றெரிச்சல்.

போலீஸ் கச்சேரியில் கொமிசேர் என்ற பெரிய அதிகாரி வெள்ளைக்காரர். தமிழ் அரைகுறை. குமாஸ்தா ஜானகிராமன் நடுவில் உட்கார்ந்து இரண்டு பக்கமும் பேசினார். புருஷனைத் தனி அறையில் வைத்துவிட்டு, பெர்னதெத்தை மட்டும் கூப்பிட்டார்கள். அவளும் சொன்னாள். புத்தி சரியில்லை என்றாள். எத்தனை நாளாக என்று கேட்டார்கள். இங்கேதான் அவள் இன்னொரு தப்பு பண்ணினாள். கேட்டவர் மனம் இளகட்டும் என்று, ஐந்து வருஷத்துக்கு முந்தின உண்மையையும் சேர்த்துச் சொன்னாள். அவர்களுடைய ஒரே மகள் ஜொசியான் விஷக்காய்ச்சலில் போனபோது தனிஸ்லாஸ் இருபது நாள் சாப்பிடவில்லை, பேசவில்லை. பெர்னதெத்தான் அவரை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிக்கொண்டு போனாள். அப்போதிருந்த டாக்டரும் மசேர் ஜெனவியேவ் என்ற கன்னியாஸ்திரியும் அவரைக் குழந்தை மாதிரி பார்த்துத் தேற்றி அனுப்பினார்கள். அதற்கப்புறம் ஒரு குறையும் இல்லை. ஆஸ்பத்திரி என்றால் பெர்னதெத்துக்குக் கோவில் மாதிரி.

ஜானகிராமன் எழுதிக்கொண்டே இருந்தார். அவள் கொஞ்சம் சொன்னால் அவர் நிறைய எழுதினார். கடைசியில் காகிதத்தைத் திருப்பி வைத்து மைப்பெட்டியைத் தள்ளினார்.

"கைநாட்டு வைங்கம்மா."

"வெச்சா வுட்டுடுவீங்களா?"

"வைங்க. நல்லதுக்குத்தான்."

வைத்தாள். விரலில் ஒட்டிய மையைத் தலையில் தடவிக்கொண்டு, தனிஸ்லாஸ் வெளியே வருவார் என்று வாசலில் காத்திருந்தாள். நாளைக்கு வா என்றார்கள். நாளைக்குப் போனாள். அவரை விடிகாலையிலேயே ஆஸ்பத்திரிப் பின்கட்டுக்கு அனுப்பியாகிவிட்டது. மேலிடத்து உத்தரவு. பைத்தியம், ஊர் அமைதிக்கு ஆபத்து. சாட்சி, மனைவியின் வாக்குமூலம்.

அங்கே புதுசாக வந்திருந்த டாக்டர் ஒரே ஒரு கேள்விதான் கேட்டாராம். செத்தவர்கள் ஓட்டுப் போட வந்ததைப் பார்த்தாயா என்று. பார்த்தேன், பதினேழு பேர் வந்தார்கள் என்றாராம் தனிஸ்லாஸ். இதற்கு மேல் டாக்டருக்கு என்ன வேண்டும்? தலையை மழித்துக் கட்டிலில் உட்கார வைத்துவிட்டார்கள்.

பெர்னதெத் அலைய ஆரம்பித்தாள். கச்சேரிக்குப் போனால், "இது இப்ப டாக்டர் கையில இருக்குதும்மா" என்றார் ஜானகிராமன். டாக்டரைப் பார்க்கப் போனால், உத்தரவு போட்டவர்கள் ரத்துப் பண்ண வேண்டும், நான் வெறும் வைத்தியன் என்று மசேர் வாயால் சொல்லி அனுப்பினார். உத்தரவு போட்ட காரியாலயத்துக்குப் போனால், மனு கொடு என்றார்கள். மனு எழுதிக்கொண்டு போனால், பிரெஞ்சில் எழுது என்றார்கள். பிரெஞ்சில் எழுதிப் போனால், இதில் டாக்டர் ஒப்பம் இல்லையே என்றார்கள். டாக்டரிடம் போனால் அவர் காரைக்காலுக்குப் போயிருந்தார். எல்லாரும் மரியாதையாகத்தான் பேசினார்கள். நாற்காலி போட்டார்கள். ஒருத்தர் தண்ணீர் கூடக் கொடுத்தார். அதில்தான் அவளுக்கு எரிச்சல் மண்டைக்கு ஏறியது. முகத்தில் அறைந்து துரத்தினாலாவது தெருவில் நின்று மண்ணைத் தூற்றலாம். நாற்காலி போட்டுத் தண்ணீர் கொடுத்தவனை என்னவென்று தூற்றுவது?

"நான் பொய் சொல்லிட்டேங்க. அடிக்கறாங்களேன்னு சொன்னேன். அத அழிச்சிடுங்க" என்று ஒரு நாள் ஜானகிராமனிடம் கெஞ்சினாள்.

ஜானகிராமன் பேனாவைக் கீழே வைத்தார். குரலைத் தணித்துக்கொண்டார். "மெதுவாப் பேசுங்கம்மா. போலீசு கிட்ட பொய் வாக்குமூலம் குடுத்தா குத்தம். அத நான் எழுதினா உங்களையும் உள்ள வெப்பாங்க. அவரு அங்க, நீங்க இங்க. யாருக்கு லாபம்?"

"நீங்க பொம்பள பேச்சை எழுதலாமா? எல்லாப் பொம்பளையும் சொல்றதுதான அது?"

"மேல எழுதச் சொன்னாங்க" என்றார் ஜானகிராமன். அவர் முகம் வாடியது. அந்த வாட்டத்தை வைத்து அவள் என்ன செய்ய?

பங்குச் சாமியார் வேறு கோபமாக இருந்தார். பள்ளிக்கூட வாசலில் விழுந்த மரணப் புத்தகத்தை யாரோ அவரிடம் கொண்டு சேர்த்திருந்தார்கள். அதைக் கேட்காமல் எப்படி வெளியே எடுத்துப் போகலாம்? சர்க்காரைப் பகைத்துக்கொண்டு பள்ளிக்கூடம் நடத்த முடியுமா? அந்தப் புத்தகத்தைக் காட்டி நாலு வார்த்தை சொல்லுங்கள் சாமி என்று பெர்னதெத் முழங்காலில் நின்றாள். ஜெபம் பண்ணுகிறேன் என்று சொல்லிப் புத்தகத்தைப் பீரோவில் வைத்துப் பூட்டினார்.

ஊர்ப்பேச்சைக் கேட்க வேண்டுமா? முதல் வாரம், "அநியாயம், நல்ல மனுசனப் புடிச்சிப் போட்டுட்டானுங்க" என்று தெருவே கொதித்தது. பள்ளிக்கூட வாசலில் முடிவில்லாத ஒளி சொன்ன அதே வாய்கள்தான். இரண்டாம் வாரம், "பெரிய எடத்துல மோதினா இப்படித்தான்" என்றார்கள். மூன்றாம் வாரம் மீன் வாங்கப் போன இடத்தில் பின்னாலிருந்து ஒரு குரல் அவள் காதில் விழுந்தது. "நெருப்பில்லாமப் பொகையுமா? மின்னயே ஒரு தரம் ஆஸ்பத்திரில இருந்தவருதான? பொண்டாட்டியே கைநாட்டு வெச்சிருக்காளாமே." பெர்னதெத் திரும்பிப் பார்க்கவில்லை. கூடையில் போட்ட காரப்பொடி மீனை எடுத்துத் திரும்பக் கொட்டிவிட்டு நடந்தாள்.

இன்னொன்று நடந்தது. அதுதான் அவளை உள்ளுக்குள் அரித்தது. பக்கத்து வீட்டுக் கன்னியம்மாளின் மருமகள் சுலோசனா பிள்ளை பெற்றுப் பன்னிரண்டு நாள். பிள்ளையைத் தொடமாட்டேன் என்கிறாள், சுவரைப் பார்த்து உட்கார்ந்திருக்கிறாள், கிணற்றடிக்குப் போய்ப் போய் எட்டிப் பார்க்கிறாள். பெர்னதெத் போய்ப் பார்த்தாள். தனிஸ்லாஸின் அந்தப் பழைய இருபது நாள் முகமேதான் அந்தப் பெண்ணுக்கு இருந்தது.

"ஆஸ்பத்திரிக்குக் கூட்டினு போங்க. மசேர் ஜெனவியேவ் தங்கமானவங்க. சரியாயிடும்" என்றாள்.

கன்னியம்மாள் அவளை ஏற இறங்கப் பார்த்தாள். "நீயா சொல்ற? உன் ஊட்டுக்காரர உள்ளப் போட்டுட்டு வெளிய வுடாம வெச்சிருக்காங்க. எங்கள என்னான்னு எழுதுவாங்களோ, யாரு கண்டது? நான் வீராம்பட்டினத்துல என் அக்கா ஊட்டுக்கு அனுப்பறேன். அம்மன் பாத்துப்பா."

 ஆஸ்பத்திரி நல்லது என்று பெர்னதெத்துக்குத் தெரியும். நல்லது என்று சொல்ல அவளுக்கு வாய் இல்லாமல் செய்துவிட்டார்கள். சுலோசனாவை மறுநாள் வண்டியில் ஏற்றினார்கள். பிள்ளை இங்கேயே வேறொருத்தி பாலைக் குடித்து அழுதுகொண்டிருந்தது.

வாரத்துக்கு ஒரு முறை புருஷனைப் பார்க்க விட்டார்கள். முதல் தடவை அவர் கம்பிக்குப் பின்னால் நிமிர்ந்து நின்றார். கோபம் குறையவில்லை.

"நீ எழுதிக் குடுத்தியா?"

"ஆமாங்க."

"எதுக்கு?"

"அடிச்சாங்களே."

 "சரி, போவட்டும். இனிமே எதுலயும் கைநாட்டு வெக்காத. நான் பைத்தியம்னு எழுதிட்டா, அந்த நாப்பத்திமூணு பேரும் உசுரோட இருக்காங்கன்னு எழுதின மாதிரி. புரிதா?"

புரிந்தது. தலையாட்டினாள்.

ஐந்தாவது தடவை போனபோது அவர் நிமிர்ந்து நிற்கவில்லை. இரவெல்லாம் ஒருத்தன் கத்துகிறானாம், தூக்கம் இல்லையாம். நாற்பத்துமூன்று பேரைச் சொல்லிப் பார்த்தாராம், நடுநடுவே பெயர்கள் விட்டுப்போய் முப்பத்தொன்றுக்கு மேல் வரமாட்டேன் என்கிறதாம். "அர்மானுக்கு அப்புறம் யாரு?" என்று அவளிடம் கேட்டார். "ஆரோக்கியம்" என்றாள் பெர்னதெத். "ஆரோக்கியம், ஆரோக்கியம்" என்று பள்ளிப் பிள்ளை மாதிரி சொல்லிப் பார்த்துக்கொண்டார்.  இல்லாத பைத்தியத்தை இருக்கிறது என்று எழுதினார்கள். இப்போது எழுதியதை உண்மையாக்கிக்கொண்டிருக்கிறார்கள்.

வெளியே மசேர் ஜெனவியேவ் அவளை நிறுத்தினாள். முப்பது வருஷம் இந்த ஊரில் இருந்து தமிழ் பழகியவள். "உன் புருஷன் நல்லா இருக்கான். நான் டாக்டர்கிட்ட சொல்லியாச்சு, ரெண்டு தரம். ஆனா எழுதறது நான் இல்ல. இங்க ரொம்ப நாள் இருந்தா நல்லா இருக்கமாட்டான். ஒரு காகிதம் இருக்கு. நீ கையெழுத்து வெச்சா நாளைக்கே அனுப்பிடுவாங்க."

அந்தக் காகிதத்தை ஜானகிராமன் படித்துக் காட்டினார். மேற்படி தனிஸ்லாஸ் சித்தம் கலங்கியவர். இல்லாததை இருப்பதாகக் காண்பவர். அவருடைய மனைவியாகிய நான் அவரை வீட்டில் வைத்துக் காத்துக்கொள்வேன். பொது இடத்தில் பேச விடமாட்டேன். பேசினால் மறுபடி கொண்டுவந்து ஒப்படைப்பேன்.

"இத மாத்தி எழுதக்கூடாதா? களைப்பா இருக்காருன்னு எழுதுங்க. காய்ச்சல்னு எழுதுங்க."

"அச்சடிச்ச காகிதம்மா."

பெர்னதெத் தன் கட்டைவிரலைப் பார்த்தாள். அந்த விரலை வெட்டிப் போட்டால் தேவலை என்று தோன்றியது. பிறகு முப்பத்தொன்றில் நின்றுபோன கணக்கை நினைத்தாள். வைத்தாள்.

வீட்டுக்கு வந்த தனிஸ்லாஸ் அவளைத் திட்டவில்லை. திட்டியிருக்கலாம். சோறு போட்டால் சாப்பிட்டார். கேட்டால் ஆம், இல்லை என்றார். தூக்கம் திரும்பியது, முகம் தெளிந்தது, கணக்கும் திரும்பியது. ஒரு நாள் அவர் முணுமுணுப்பதை அவள் எண்ணிப் பார்த்தாள், நாற்பத்துமூன்றும் சரியாக இருந்தது. ஆனால் அவளுக்குக் கேட்க ஒரு நாளும் படிக்கவில்லை. கோயில்பிள்ளை வேலை போய்விட்டது. சித்தம் கலங்கியவர் எழுதிய மரணப் புத்தகம் செல்லுமா என்று யாரோ கேட்டார்களாம். சாமியார் புதுப் புத்தகம் போட்டு வேறு ஆளை வைத்துவிட்டார். தெருவில் எதிர்ப்பட்டவர்கள் தனிஸ்லாஸிடம், "சாப்டீங்களா? ஒடம்பப் பாத்துக்கோங்க" என்று சின்னப் பிள்ளையிடம் பேசுகிற மாதிரி பேசினார்கள். அதைத்தான் பெர்னதெத்தால் தாங்க முடியவில்லை.

ஆசாரி பிரகாசத்தின் விதவை ஆயம்மா ஒரு நாள் சமையற்கட்டு வழியாக வந்து பெர்னதெத்தின் காதோரம் சொன்னாள். "உங்க ஊட்டுக்காரரு சொன்னது நெசந்தான். என் மனுசன் செத்து நாலு வருசமாவுது. எனக்குத் தெரியாதா?"

"இத கச்சேரில வந்து சொல்லேன்."

"ஐயையோ" என்றாள் ஆயம்மா. "என்னையும் பைத்தியம்னு எழுதிடுவாங்க."

வந்த வழியாகவே போய்விட்டாள். எல்லாருக்கும் தெரியும், எல்லாரும் நம்புகிறார்கள், சமையற்கட்டுக்குள். பெர்னதெத்துக்கு அடுப்பை எட்டி உதைக்கலாம் போல் இருந்தது.

நவம்பர் பிறந்தது. மாசக் கடைசியில் இன்னொரு தேர்தல் என்று அதே சுவரில் அதே பட்டியலை மறுபடி ஒட்டியிருந்தார்கள். இரண்டாம் தேதி கல்லறைத் திருநாள். வருஷா வருஷம் அன்றைய பூசையில் பங்கில் செத்தவர்கள் பெயரைத் தனிஸ்லாஸ்தான் வாசிப்பார். இந்த வருஷம் நேரமில்லை என்று சொல்லிப் பெயரே வாசிக்காமல் விட்டுவிட்டார்கள். தனிஸ்லாஸ் கோவிலின் கடைசித் தூணுக்குப் பக்கத்தில், மழித்த தலையில் அரைகுறையாய் முளைத்த முடியோடு, தரையைப் பார்த்துக்கொண்டு நின்றார். ஆண்கள் பக்கத்தில் அவரைச் சுற்றி ஒரு முழம் இடம் காலியாக இருந்தது. பெண்கள் பக்கத்திலிருந்து பெர்னதெத் அந்த ஒரு முழத்தைப் பார்த்தாள். பூசை முடிகிற வரைக்கும் அதையேதான் பார்த்தாள்.

பூசை முடிந்ததும் எல்லாரும் மெழுகுதிரியும் சாமந்தியுமாக உப்பளத்துக்குப் புறப்பட்டார்கள். வழியில் பள்ளிக்கூடம். பெர்னதெத் கூட்டத்திலிருந்து பிரிந்து, நேராகப் போய் அந்தச் சுவரெதிரில் நின்றாள். ஒரு மெழுகுதிரியைக் கொளுத்திச் சுவரோரம் நட்டாள்.

"சிப்பாய் அலெக்சாண்டர்" என்றாள் உரக்க. "நித்திய இளைப்பாற்றியை இவருக்குத் தந்தருளும் சுவாமி."

கூட்டம் நின்றுவிட்டது.

"அர்மான். நித்திய இளைப்பாற்றியை இவருக்குத் தந்தருளும் சுவாமி. ஆரோக்கியம்."

நிறுத்தாமல் சொல்லிக்கொண்டே போனாள். பத்துப் பெயர் தாண்டியபோது யாரும் பதில் சொல்லவில்லை, யாரும் நகரவுமில்லை. பதினாலாவது பெயரில் போலீஸ்காரர் கன்னியப்பன் கூட்டத்தை விலக்கிக்கொண்டு வந்தார்.

"என்னாம்மா இது? ஊட்டுக்குப் போ."

"பட்டியல்ல இருக்கற பேரத்தான சொல்றேன்."

"உனக்கு எழுத்தே தெரியாது. எங்க இருக்கு, காட்டு பாப்போம்."

பெர்னதெத் சுவரைப் பார்த்தாள். கறுப்புக் கறுப்பாக வரிகள். எல்லாம் ஒரே மாதிரி இருந்தன. விரலைத் தூக்கினாள், எங்கே வைப்பது என்று தெரியாமல் அந்தரத்தில் நிறுத்தினாள். கூட்டத்தில் யாரோ சிரித்தார்கள். "பாவம், புருசன் நோவு இவளுக்கும் ஒட்டிக்கிச்சு" என்றது ஒரு குரல். அவளுக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது. துக்கத்தால் இல்லை, ஆத்திரத்தால். உண்மையைக் கையில் வைத்துக்கொண்டு, அதைத் தொட்டுக் காட்டத் தெரியாமல் நிற்கிறோமே என்ற ஆத்திரம்.

அப்போது தனிஸ்லாஸ் வந்தார். கூட்டம் தானாகவே வழிவிட்டது. அந்த ஒரு முழம் அவரோடு கூடவே நகர்ந்து வந்தது.

கன்னியப்பன் அவரைக் கண்டதும் பெருமூச்சு விட்டார். அவருக்கும் இந்த வேலை பிடிக்கவில்லை. கிட்டே போய்த் தணிந்த குரலில் சொன்னார். "தனிஸ்லாஸ் அண்ணே, ஒரே ஒரு வார்த்த சொல்லுங்க. ஊட்டுக்காரம்மாவுக்குப் புத்தி சரியில்லன்னு. போதும். நான் எழுதல, ஒண்ணும் பண்ணல. கூட்டினு போயிடுங்க."

பெர்னதெத் புருஷன் முகத்தைப் பார்த்தாள். அவர் உதடு அசைவதைப் பார்த்தாள். அந்த வார்த்தை எவ்வளவு சுலபமாக நாக்குக்கு வரும் என்று அவளுக்குத் தெரியாதா? அவள் சொன்னாள், அவரைக் கொண்டுபோனார்கள். இவர் சொன்னால் அவளை விட்டுவிடுவார்கள். ஒரு நிமிஷம், சொல்லிவிடட்டுமே என்று கூட அவளுக்கு இருந்தது. கால் வலித்தது.

தனிஸ்லாஸ் கன்னியப்பனைத் தாண்டிச் சுவரண்டை வந்தார். அந்தரத்தில் நின்ற அவள் விரலைப் பிடித்து, மேலிருந்து கீழே நகர்த்தி, ஒரு வரியில் வைத்தார்.

"இதான் பிரகாசம் ஆசாரி" என்றார். பிறகு திரும்பாமலே சொன்னார். "அவளுக்குப் புத்தி நல்லாத்தான் இருக்குது கன்னியப்பா. எழுத்துதான் தெரியாது. மீதிய நான் படிக்கறேன்."

அவர் படித்தார். "பிரகாசம், ஆசாரி." கல்லறைக் குரல் அப்படியே இருந்தது. பெர்னதெத் நித்திய இளைப்பாற்றி சொன்னாள்.  பிறகு கூட்டத்தின் பின்னாலிருந்து, காதோரம் பேசுகிற அளவுக்கு ஒரே ஒரு பெண்குரல், "முடிவில்லாத ஒளி இவருக்குப் பிரகாசிக்கக்கடவது" என்றது. அது ஆயம்மா. வேறு யாரும் சேரவில்லை.

கன்னியப்பன் சட்டைப் பையிலிருந்து நோட்டை எடுத்தார். பென்சிலை நாக்கில் நனைத்தார். என்ன எழுதுவது என்று அவருக்குத் தெரியவில்லை. "கச்சேரிக்கு வரணும், ரெண்டு பேரும்" என்றார் கடைசியில்.

"வரோம்" என்றாள் பெர்னதெத். "இன்னும் இருவத்தெட்டுப் பேர் இருக்காங்க. முடிச்சிட்டு வரோம்."

சொல்லிவிட்டு, வலது கைக் கட்டைவிரலை உள்ளங்கைக்குள் மடக்கி, முந்தானையால் சுற்றி இறுக்கிக்கொண்டாள். தனிஸ்லாஸ் அடுத்த பெயரைப் படித்தார்.